அம்மாவின் இதயத்துக்கு நான் எடுத்த வகுப்பு

இதயத்தசைச் செல் தனக்குள் சேரும் அமிலத்தை எப்படி வெளியேற்றுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. எலி இதயத்தை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அம்மாவோ சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் மீன்காரர் வரைக்கும் "எம் புள்ள ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட்" என்று பரப்பி வைத்திருந்தார். நான் மறுத்ததில்லை. கேட்க நன்றாகத்தானே இருந்தது!

அதே மார்க்கெட்டில் நண்டு பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது. நான் அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மாரடைப்பு என்று உறுதியாகிவிட்டது. அடைபட்ட ரத்தக்குழாயை உடனே திறக்க வேண்டும், சம்மதமா என்று டாக்டர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகாதுல்ல தம்பி?"

"ஆகாதும்மா" என்று ஒரு வார்த்தை போதும். என் நாக்கு சும்மா இருந்தால்தானே! ரத்தம் வராத செல்லுக்குள் அமிலம் குப்பை மாதிரிச் சேர்ந்துவிடும் என்றேன். ரத்தம் திரும்பியதும் செல் அவசர அவசரமாக அமிலத்தை வெளியே தள்ளி, பதிலுக்குச் சோடியத்தை உள்ளே விடும். அந்தச் சோடியத்தை வெளியேற்றப் போய்க் கால்சியம் உள்ளே புகுந்துவிடும். அது அளவு மீறினால் செல் செத்தே போகும். காற்றில் விரலால் படம் வேறு வரைந்து காட்டினேன்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப அடைப்ப எடுத்தாத்தான் ஆபத்தா? வேணாம் லா டாக்டர். நான் வீட்டுக்குப் போறேன்."

"ஐயோ, அப்படி இல்லம்மா! எடுக்கலன்னா மொத்தமும் போயிடும். எடுத்தா கொஞ்சந்தான்..."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

டாக்டர் என்னை முறைத்தார். "சார், டைம் இல்ல. ப்ளீஸ், நீங்க பேசாதீங்க."

என் வாயாலேயே அம்மாவைக் கொன்றுவிடப் போகிறேன் என்று நினைத்தேன்.

"அம்மா, எனக்கு எலிய மட்டுந்தான் தெரியும். மனுஷங்கள இவங்களுக்குத்தான் தெரியும். இவங்க சொல்றத கேளுங்க. எனக்குப் பயமா இருக்கும்மா." சொல்லும்போதே அழுதுவிட்டேன், அத்தனை பேர் முன்னால்.

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே? எனக்கும் அதேதான்" என்றார் அம்மா. பிறகு டாக்டரிடம், "செய்ங்க லா" என்றார்.

குழாய் திறந்தது. வார்டுக்கு வந்த அம்மா, நான் பேச வாய் திறப்பதைப் பார்த்ததுமே வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஒண்ணும் விளக்காத தம்பி. கைய மட்டும் குடு."