நெருஞ்சி காவலிருந்த வாசல்

சித்தி வீட்டுக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றித் திருப்பி, அடியில் குத்தியிருக்கும் நெருஞ்சி முட்களைப் பிடுங்குவாள். அது எல்லோரும் செய்வதுதான். ஆனால் பிடுங்கிய முள்ளை அவள் குப்பையில் போடமாட்டாள். வாசல் மணலிலேயே திரும்ப விசிறிவிடுவாள். அவளோடு இருந்த வருடங்கள் முழுக்க இதைப் பார்த்திருக்கிறேன்.

சிமெண்ட் கல் பட்டறையில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த கற்கள் வெடிக்காமலிருக்க ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டறை மூலையில், மணல் திடலை ஒட்டி, முதலாளி கொடுத்த ஒற்றை அறையில் இருந்தோம். ஒரு மழை பெய்தால் திடல் முழுக்க நெருஞ்சி படரும். சின்ன மஞ்சள் பூ, வெயில் பக்கமாக முகம் காட்டும். பூ போனதும் முள். பிறகு கொடி கருகிவிடும். முள் மட்டும் அடுத்த மழைக்காக மணலில் கிடக்கும். மழை வராவிட்டால் சித்தி பைப்பை அந்தப் பக்கம் திருப்புவாள்.

“களைக்குத் தண்ணி ஊத்துற பைத்தியம் உலகத்துலயே நீ ஒருத்திதாண்டி,” என்பாள் நெட்டை. கலவை மெஷினுக்கு வெறுங்காலோடு மணல் அள்ளிப் போடுபவள்.

“போடி. அது என் காலிங் பெல்லு.”

உண்மைதான். பழுக்கக் காய்ச்சிய கரண்டியைச் சித்தப்பா அவள் முதுகில் வைத்த அன்று, சித்தி அவரை விட்டு வந்தாள். இழுத்துப் போக அவர் வந்துகொண்டே இருந்தார். குடித்தால் செருப்பு எங்கே போனதென்று அவருக்கே தெரியாது. மணலில் கால் வைத்ததும் “ஐயோ, அம்மா!” என்று அலறுவார். அதற்குள் தாழ்ப்பாள் விழுந்துவிடும். கதவை உதைத்துச் சலித்து, கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து முள் எடுப்பார். உள்ளே நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

நான் கல்லூரியில் சேரச் சான்றிதழ் வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம், அவர் குடிக்காமல் வந்தார். காலில் யாரிடமோ வாங்கிய தடித்த பூட்ஸ். சத்தமே இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தியின் கூந்தலைக் கையில் சுற்றி, முகத்தைச் சுவரில் மோதினார். இரண்டு பல் தட்டிலேயே விழுந்தது. அடுத்து இரும்புக் கம்பி. முதல் அடியில் தோள்பட்டை இறங்கியது.

அலறல் கேட்டு நெட்டை ஓடிவந்தாள். கல் அடுக்கைச் சுற்றி வர நேரமில்லை. நெருஞ்சிக்குள்ளேயே வெறுங்காலோடு ஓடினாள். உள்ளே பாய்ந்து அவர் கழுத்தைப் பின்னாலிருந்து இறுக்கினாள். அவர் கம்பியைத் தலைக்கு மேல் திருப்பிக் குத்தினார். அது அவள் இடது கண்ணில் இறங்கியது. அப்போதும் அவள் பிடியை விடவில்லை. அவர் காதைக் கடித்துத் துப்பினாள். மற்றவர்கள் வந்து சேரும்போது இருவரும் ரத்தத்தில் புரண்டுகொண்டிருந்தார்கள். கம்பி இறங்கியதைப் பார்த்தது சித்தி மட்டும்தான்.

போலீஸ் வருமுன் முதலாளி சித்தியிடம் வந்தார். “கேஸாச்சுன்னா பட்டறைக்குப் பூட்டு. உனக்கு ரூமும் இல்ல, பொண்ணுக்குப் படிப்பும் இல்ல. அவன் இனி இந்தப் பக்கம் வராம நான் பாத்துக்கறேன்.”

ஸ்டேஷனில் சித்தி, உடைந்த வாயால், “மெஷின்ல கம்பி தெறிச்சு அவ கண்ணுல பட்டுச்சு. நான் வழுக்கி விழுந்தேன்,” என்றாள்.

முதலாளி சொன்னபடியே நடந்தார். சித்தப்பா அதற்குப் பிறகு வரவில்லை. நான் பட்டம் வாங்கினேன். அதில் எவ்வளவு என் படிப்பு, எவ்வளவு நெட்டையின் கண் என்று எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நெட்டை சண்டை போடவில்லை. சித்தியோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஒரே பட்டறையில் ஒருத்தி மணல் அள்ளினாள், ஒருத்தி தண்ணீர் அடித்தாள்.

போன வருடம் ஆஸ்பத்திரியில், கடைசியாக நினைவு இருந்தபோது, சித்தி சொன்னாள்: “நெட்டைக்கு ஒரு வார்த்த பாக்கி இருக்குடி. ஸ்டேஷன்ல சொல்லியிருக்கணும்.”

அவள் போன பிறகு நெட்டையைத் தேடிப் போனேன். “நான் வந்து சொல்றேன்க்கா. எங்க வேணா வந்து சொல்றேன்.”

வலது கண் பக்கமாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“நீ பாத்தியா?”

“இல்ல.”

“பாத்தவ போயிட்டா. தள்ளி நில்லு, மணல் அள்ளணும்.”