அண்ணனின் அழைப்பை நான் எழுதினேன்

அண்ணன் ஊழியத்துக்காகக் கனடா போகிறான் என்று பாஸ்டர் அறிவித்த ஞாயிற்றுக்கிழமை, நானும் எல்லோரோடும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொன்னேன். புத்தூரில் எங்கள் சபையிலிருந்து கடல் தாண்டி மிஷனரியாகப் போகும் முதல் ஆள் அவன். முதியோர் இல்லங்களில் தனியாகக் கிடப்பவர்களைப் போய்ப் பார்க்கிற ஊழியம். ஆராதனை முடிந்ததும், அவனைப் பெற்ற அப்பா என்று நைனாவின் கையைப் பிடித்துக் குலுக்காதவர் இல்லை.

அடுத்த வாரம் அவன் மிஷன் சங்கத்தின் விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தான். நான் தினமும் ரயிலில் திருப்பதிக்குப் போய் வரும் நர்ஸ். வீட்டில் இங்கிலீஷ் தடுமாறாமல் எழுதுவது நான்தான். ‘இந்த ஊழியத்துக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்?’ என்று கேட்டு, கீழே ஒரு முழுப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தார்கள்.

“இத மட்டும் நீயே எழுதிக் குடுத்துடு.”

“நீ இன்னாத்துக்குப் போறன்னு எனக்கு எப்படித் தெரியும்? சொல்லு, எழுதுறேன்.”

“எல்லாரும் எழுதுறதுதான். ஜனங்க மேல பாரம், கர்த்தரோட அழைப்பு… உனக்குத் தெரியாததா?” ஃபோனிலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை.

எனக்குத் தெரியும்தான். படிக்கும்போது ஒரு மலைக்கிராமத்து மருத்துவ முகாமுக்குப் போயிருந்தேன். பிரசவ வலியில் கட்டிலோடு தூக்கி வந்த ஒரு பெண், என் கையைப் பிடித்தபடியே செத்துப்போனாள். படிப்பு முடிந்ததும் அந்தப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கே போகிறேன் என்று வீட்டில் கேட்டேன். “பொட்டப்புள்ள தனியா போய்க்கினு ஊழியம் செய்யணும்னு கர்த்தர் எங்க சொல்லிக்கீறாரு?” என்றார் நைனா. பாஸ்டர் சபையார் எல்லோர் முன்னாலும், இது அழைப்பில்லை, பிடிவாதம் என்றார். நான் அடங்கிப்போய்த் திருப்பதி ஆஸ்பத்திரி வேலைக்கு ரயிலேறினேன்.

அந்தப் பெண்ணை எடுத்துத்தான் அந்தப் பக்கத்தை நிரப்பினேன். முகாமில் உதவிக்கு நின்றவன் அண்ணன், அவள் பிடித்த கை அவன் கை என்று எழுதினேன். தப்பு என்று தெரிந்தேதான் எழுதினேன். நேர்காணலில் அதைப் படித்துவிட்டு ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அண்ணன் சிரித்துக்கொண்டே வந்து சொன்னான்.

போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, ஊழியத்தை விட்டுவிட்டு ஏதோ கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேயே குடியிருக்க மனு போட்டிருப்பதாக ஃபோனில் அவனேதான் சொன்னான்.

“அங்க எத்தினி பேர போய்ப் பார்த்த?”

“ஆரம்பத்துல போனேன். அந்த வாடை எனக்கு ஒத்துக்கல.”

“அந்தப் பொம்பள சாவ வச்சி நீ விசா வாங்கிக்கின.”

“நீதான எழுதிக் குடுத்த?” என்றான். “பத்து வருஷம் ஸ்ரீசிட்டி ஃபேக்டரிக்கு பஸ் ஏறினேன். உனக்கு இன்னா வேணும்னு என்ன யாராவது கேட்டீங்களா? ஊழியம்னு சொன்னப்பதான் நைனாவே என்ன நிமிர்ந்து பார்த்தாரு.”

அதில் பொய் இல்லை. ஆனாலும் பிழைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டே போயிருக்கலாம். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படிப் போனவர்கள்தான். அதற்குக் கர்த்தர் எதற்கு, செத்துப்போன அவள் எதற்கு?

பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். சபைக்குத்தான் அவமானம், வெளியே பேசாதே என்றார். ஞாயிறுதோறும் ‘எங்கள் மிஷனரிக்காக’ என்ற ஜெபமும் நிற்கவில்லை. ஒரு வாரம் அந்த ஜெபத்தை என்னையே செய்யச் சொல்லி மைக்கைக் கொடுத்தார். வேண்டுமென்றே கொடுத்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

“எங்கண்ணன் இப்ப ஊழியத்துல இல்ல. வேலைக்குப் போய்க்கினு கீறாரு. அவர் நல்லா இருக்கணும்னு ஜெபிங்க. மிஷனரின்னு சொல்லி ஜெபிக்காதீங்க. அவருக்கு லெட்டர் எழுதிக் குடுத்தது நான். அதுல எழுதினது அவருக்கு நடந்தது இல்ல.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டு பாட்டு எண்ணைச் சொன்னார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நைனா, “எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?” என்று கேட்டார்.

“எல்லார் முன்னாடியும் பாஸ்டர் எனக்கு அழைப்பு இல்லன்னு சொன்னப்போ நீ சும்மாதான நின்னுக்கினு இருந்த?”

தினமும் நான் கொடுக்கும் மாத்திரையை அன்றிலிருந்து நைனா என் கையால் வாங்கிக்கொள்வதில்லை. அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.