புளியில் வெந்த சைக்கிள்

கொதிக்கிற புளித்தண்ணீரில் சைக்கிள் கிரீசும் சேர்ந்தால் எப்படி மணக்கும் என்று அறிந்தவர்கள் இந்த உலகத்தில் அதிகம் பேர் இருக்க முடியாது. எனக்கு அந்தப் பாக்கியம் எட்டு வயதிலேயே கிடைத்தது. மீன்குழம்பு வைக்கத் தொடங்கிய யாரோ பாதியில் மனம் மாறி, மீனுக்குப் பதிலாகப் பழைய செருப்பைப் போட்டு மூடிவிட்ட மாதிரி ஒரு வாசனை. ஐம்பதுகளின் நடுவில், எங்கள் சாச்சாவின் கல்யாணத்துக்கு முந்தின வாரம், கோவளத்தில் எங்கள் வீடு அப்படித்தான் மணத்தது.

சாச்சா என்றால் எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், தம்பி காசிம். முப்பதைத் தாண்டியிருந்தார்; இரண்டு இடம் பேசி, இரண்டும் கைக்கு வந்து நழுவியிருந்தன. மூன்றாவதாக அமைந்தது செங்கல்பட்டில் அலுமினியப் பாத்திரக்கடை வைத்திருந்த வஹாப் சாயபுவின் இளைய மகள். கடைவாசலில் அந்தப் பெண்ணை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்த சாச்சா, மூன்று நாள் என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் சாப்பிட்டார். ஆனால் வஹாப் சாயபு ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அவருடைய மூத்த மருமகன், பஸ் வழியில் நின்றுவிட்டதால், புழுதியும் வியர்வையுமாக நடந்தே வந்து பந்தலில் உட்கார்ந்ததைத் தெருவே வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்ததாம். "மாப்பிள்ள நடந்து மட்டும் வரக்கூடாது. குதிரையோ காரோ, பாத்தா கண்ணு நெறயணும். நடந்து வந்தா அப்பிடியே திரும்பிப் போய்க்கினே இருக்கலாம்" என்று அவர் சொல்ல, எங்கள் அத்தா கொஞ்சமும் யோசிக்காமல், "நம்ம வூட்லயே வண்டி கீது. பளபளன்னு கீது" என்று சொல்லிவிட்டு வந்தார். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். அத்தா ஒன்றுதான் சொன்னார். வீட்டையே ஆட்டிவைக்க அது ஒன்று போதுமானதாக இருந்தது.

அந்த வண்டி, ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற சைக்கிள். கொல்லையில் முருங்கைமரத்தில் சாய்ந்து நின்றது. அதன் கேரியரில் கோழிகள் குடும்பம் நடத்தின. மற்றவர்கள் சைக்கிளெல்லாம் கறுப்பு இரும்பாக இருந்த காலத்தில், இதற்கு மட்டும் மட்கார்டு, செயின் கவர், ஹாண்டில்பார் மூன்றும் அலுமினியம். எங்கள் வீட்டில் அதற்குச் "சீமை ஈயம்" என்று பெயர். கடல் காற்று பட்டுப் பட்டு அதில் உப்புப் பூத்து, தொட்டால் வெள்ளை மாவாக உதிர்ந்தது.

எங்கள் அம்மா அப்போது உறவுக்காரர்களை அழைக்க அச்சரப்பாக்கம் போயிருந்தார். தேய்ப்பதில் அம்மாவுக்கு ஒரு வெறியே உண்டு. எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டிகூட அம்மாவைக் கண்டால், குளிப்பாட்டிவிடுவார் என்று பயந்து ஓடும். அப்படிப்பட்டவர் இல்லாத சமயத்தில் இரண்டு ஆண்கள் துலக்குகிற வேலையில் இறங்கினால் வேறென்ன நடக்கும்? அத்தாவும் சாச்சாவும் பாகங்களைக் கழற்றி, சாம்பலும் தேங்காய் நாருமாக ஒருநாள் முழுக்கத் தேய்த்தார்கள். கோழி எச்சம் போனதே தவிர, பளபளப்பு வரவில்லை. பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணாத்த வலையை உலர்த்திக்கொண்டே வேடிக்கை பார்த்தவர், "வண்ணான் துணிய எப்பிடி வெளுக்கறான்? சோடாக்காரத்த போட்டு வேக வெய்யி மச்சான், எல்லாம் வெளுத்துடும்" என்று யோசனை சொன்னார். அத்தாவுக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. வலிமா விருந்துப் பிரியாணிக்காக இரவல் வாங்கி வைத்திருந்த பெரிய தேக்சாவை அடுப்பில் ஏற்றி, சோடாக்காரத்தைக் கொட்டி, பாகங்களை உள்ளே இறக்கினார். தண்ணீர் நுரைத்துப் பொங்கியது. அரைமணி கழித்துக் கம்பியால் தூக்கிப் பார்த்தபோது மட்கார்டு காக்கை நிறத்தில் இருந்தது. சாச்சா திகைத்துப்போய் அதைப் பார்த்தார். பிறகு, "இந்தப் பொண்ணும் போச்சா அண்ணே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது.

மறுநாள் அம்மா வந்தார். தேக்சாவை எட்டிப் பார்த்தார். "இன்னாது இது, வண்டிய சமச்சிங்களா? அதுவும் பிரியாணி தேக்சாவுல?" அத்தா நடந்ததைச் சொன்னார். அம்மா சமையல்கட்டுக்குள் போய், வெளியே கரிபிடித்த ஓர் அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து அத்தாவின் மூக்குக்கு நேரே கவிழ்த்துக் காட்டினார். உள்பக்கம் வெள்ளையாக மின்னியது. "தெனமும் புளிக்கொழம்பு துன்றீங்களே, சட்டி உள்ள ஏன் வெளுத்துக் கீதுன்னு ஒருநாளாவது பாத்தீங்களா?"

அப்படித்தான் சைக்கிள் புளியில் வெந்தது. மட்கார்டு தேக்சாவில் முழுசாக அடங்காததால் பாதிப் பாதியாக வேகவைத்து, மீதிக்கு அகப்பையால் புளித்தண்ணீரை மொண்டு ஊற்றினோம். கறுப்பு மெல்ல மெல்லக் கழன்று போனது. அதன்பின் ஆளுக்கொரு பாகம் கொடுத்து, சலித்த செங்கல்தூளும் தேங்காயெண்ணெயும் வைத்துத் தேய்க்க உட்கார்த்தினார் அம்மா. எனக்குச் செயின் கவர். அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு: தேய்க்கத் தேய்க்க அது வெளுக்கும், தேய்க்கிறவர் கறுப்பார். நாலு நாளில் சைக்கிள் நிலாத்துண்டு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் குடும்பம் கரிமூட்டைக்காரர் குடும்பம் மாதிரி ஆகிவிட்டது.

கல்யாணத்தன்று சைக்கிளைப் போர்வையில் சுற்றி பஸ் கூரையில் ஏற்றினோம். செங்கல்பட்டில் இறங்கிப் பிரித்தபோது காலை வெயிலில் அது மின்னிய மின்னலுக்கு, டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து நின்றார்கள். வெள்ளைச் சட்டையும் முகத்தை மறைத்த மல்லிகைச் சரமுமாகச் சாச்சா ஏறி உட்கார, மாப்பிள்ளை பெடல் மிதிக்கலாகாது என்று அத்தா பின்னால் தள்ளினார். சரத்துக்குள்ளிருந்து வழி தெரியாத சாச்சா, ஹாண்டில்பாரை உயிரைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற வஹாப் சாயபு வண்டியை மேலும் கீழும் பார்த்துத் தலையசைத்தார். அத்தா மூச்சு விட்டார்.

ஆனால் நிக்காவில், பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத்தான் பெண்ணை ஒப்புக்கொடுக்க வேண்டும். சாயபு பிடித்தார், நிக்காவை நடத்திவைத்த ஹஜ்ரத் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார், கையை எடுத்தார். அவர் உள்ளங்கை கறுப்பாக இருந்தது. நல்ல கறுப்பு; வியர்வையில் ஊறிய ஹாண்டில்பார் கறுப்பு. பந்தக்காலைப் பிடித்து நின்ற நான், செயின் கவர் தேய்த்த என் கையைப் பாவாடையில் மறைத்துக்கொண்டேன்.

சாயபு கையை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "எதுல தேச்ச?"

"புளியில" என்றார் சாச்சா, பூச்சரத்துக்குள்ளிருந்து.

சாயபு தன் இடது கையை விரித்துக் காட்டினார். ரேகைகளிலெல்லாம் அதே கறுப்பு ஓடிக்கிடந்தது. "இருபது வருசமா பாத்திரத்தோட கெடக்கறேன். எனக்கே போவல, ஒனக்கு எங்க போவும்?" என்றவர், கைக்குட்டையை எடுத்துத் தன் கையைத் துடைத்து, அதையே மருமகனிடம் நீட்டினார். "நல்லாத் தொடச்சிக்கோ. எம்பொண்ணு கட்டிக்கினு இருக்கறது பட்டுப் பொடவ."

முதலில் சிரித்தது ஹஜ்ரத்தான்.

அந்தச் சைக்கிள் எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. பாத்திரக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். சாச்சாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி, எங்கள் சாச்சி, என்னோடுதான் இருக்கிறார். போன ரமலானுக்கு முன்பு வீட்டைச் சுத்தம் செய்தபோது, அவர் தகரப்பெட்டியின் அடியில் கிடந்த அழுக்குத் துணிகளையெல்லாம் அள்ளி, சோப்புத்தூளில் ஊறவைத்துக் கசக்கிக் காயப்போட்டேன். கொடியில் வெள்ளை வெளேரென்று ஆடிய ஒரு கைக்குட்டையைப் பார்த்துச் சாச்சி வெகுநேரம் நின்றார்.

"அதுல அவரு கை இருந்திச்சு" என்றார். பிறகு அவரே, "வுடு. நீ ஒங்கம்மா பொண்ணாச்சே, வேற இன்னா பண்ணுவ" என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

நான் சமையலறைக்குள் போய், ஓர் அலுமினியப் பாத்திரம் அகப்படாதா என்று அலமாரி அலமாரியாகத் தேடினேன். எல்லாம் எவர்சில்வர். ஒன்றை எடுத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். கையில் ஒன்றும் ஒட்டவில்லை.