லொறியில் இடம் இருந்தது

எண்பதுகளின் கடைசியில், ஊரைவிட்டு வெளிநாடு வந்து, ஏவன்டேல் என்ற புறநகரில் நாங்கள் மூன்று பேர் ஒரு மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். மூவரும் யாழ்ப்பாணத்தார், மூவரும் தனிக்கட்டைகள். எங்களில் ஒருவன் கொழும்பில் கணக்காளராக இருந்தவன். இங்கே மரக்கறி லொறி ஓட்டினான். அந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. வேறு வழியில்லாமல் ஓட்டுகிறான் என்றால் பெண் வீட்டாரிடம் சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

அவன் கட்ட விரும்பிய பெண், அதே நகரின் இன்னொரு புறநகரான ஒடாஹுஹுவில் அக்கா குடும்பத்தோடு இருந்தாள்; தாய் தகப்பன் ஊரில். கோயில் பூசையொன்றில் இரண்டு தடவை கண்டிருக்கிறான். அவள்தான் வேண்டும் என்று நின்றான். முறைப்படி நாங்கள்தான் பெண் பார்க்கப் போகவேண்டும். ஆனால் அவளுடைய அத்தான், அதாவது அக்காவின் கணவர், மாப்பிள்ளை இருக்கும் வீட்டை முதலில் பார்க்க விரும்பினார். ஆகவே ஒரு சனிக்கிழமை பின்னேரம் அத்தான், அக்கா, பெண் மூவரும் எங்கள் வீட்டுக்கு வர, முறை தலைகீழானது. வடை சுட்டது நாங்கள். தேத்தண்ணீர்த் தட்டைத் தூக்கி வந்தது மாப்பிள்ளை. வயதில் மூத்தவன் என்பதால் மாப்பிள்ளையின் தகப்பன் ஸ்தானம் எனக்கு. அவனைவிட எனக்கு இரண்டு வயதுதான் கூட.

ஊரில் கணக்காளர், இங்கே ஒரு கம்பெனியில் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தோம். லொறியை அடுத்த தெருவில் நிறுத்த வைத்தோம்.

வாடகை, மழை என்று பேச்சு விரைவில் தீர்ந்துபோனது. அத்தானின் கண் தொலைக்காட்சிக்குப் போனது. பழைய அமெரிக்க அடிதடித் தொடர். சின்ன லொறிக் கம்பெனி நடத்தும் ஒரு பெண், அவளுடைய லொறிகளை மறிக்கும் ஒரு முரடன், உதவிக்கு வரும் கதாநாயகன். அத்தான் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். லொறிகள் பறந்தன, கவிழ்ந்தன. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அத்தான் தொடையில் தட்டிச் சிரித்தார். கதாநாயகன் லொறிச் சன்னலுக்குள் தலையை விட்டு அவளை முத்தமிட்டபோது அக்கா வடையைக் கவனமாக ஆராய்ந்தாள். முடிவில் அவன் கையசைத்துவிட்டு, அவளைத் தெருவில் நிற்க விட்டுத் தன் லொறியில் தனியே போனான்.

அக்காவின் பக்கத்தில் இருந்த பெண், யாரையும் பார்க்காமல் கேட்டாள்:

“இவன் ஏன் அவளை விட்டிட்டுப் போறான்? லொறியிலை இடம் இருக்குத்தானே?”

“என்ரை லொறியிலையும் இடம் இருக்கு,” என்றான் மாப்பிள்ளை.

அத்தான் வடையைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

“தம்பியிட்டை லொறியும் இருக்கோ?”

“கம்பெனியின்ரை. நான்தான் ஓட்டுறன். எனக்கு விருப்பமான வேலை.”

அத்தான், தகப்பன் ஸ்தானத்தில் இருந்த என்னைப் பார்த்தார். நான் தொலைக்காட்சியைப் பார்த்தேன். அதில் சவர்க்கார விளம்பரம் ஓடியது. அவர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

“ஊரிலை இருக்கிற மாமா மாமிக்கு இஞ்சையும் கணக்காளர் எண்டெல்லோ நான் சொல்லிப்போட்டன். இனி என்னத்தைச் சொல்லுறது?”



“லொறி ஓட்டுறார், என்னையும் ஏத்திக்கொண்டு போவார் எண்டு சொல்லுங்கோ, அத்தான்,” என்றாள் பெண்.

முதலில் சிரித்தது அக்காதான். மாப்பிள்ளையின் முகம் காதுவரை சிவந்தது. அத்தான் தட்டில் வைத்த வடையை மறுபடி எடுத்துக்கொண்டு இன்னொரு தேத்தண்ணீர் கேட்டார். இரண்டாவது தேத்தண்ணீர் கேட்டால் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.