சின்னம்மா பார்லி கழுவிய ஞாயிறு

என்னை யாரும் அவசரப்படுத்த வேண்டாம். இதை நான் மெதுவாகத்தான் சொல்வேன். ஒரு கோப்பை, நிறுத்தி, பிறகு இன்னொரு கோப்பை. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், எங்கள் ஒடுங்கிய வீட்டின் பின்பக்கக் குசினியில் அதுதான் சட்டம். சட்டம் போட்டவள் சின்னம்மா, என் அம்மாவின் தங்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கே பியர் வடித்தாள். ஓம், பியர்தான். முகம் சுளிப்பவர்கள் இப்போதே சுளித்து முடித்துவிடலாம்.

எண்பதுகளின் கடைசி. பகலில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய்கள் கழுவினாள். மாலையில் கல்லூரிக்குப் போனாள். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் கிடந்தது. முடிந்தால், குழாயைக் கழுவுகிறவள் குழாயில் இருப்பதைச் சோதிக்கிறவள் ஆகிவிடுவாள். பியர் வடிக்கும் வாளியை அங்கே வேலை செய்த வெள்ளைக்காரி ஒருத்தி வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போனாள். வாளி வந்த அன்று வீட்டில் பூகம்பம். பிறகு அப்பா ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்தார். பூகம்பம் நின்றுவிட்டது. அதன்பிறகு தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடும் நாட்களில் அவர் கதிரையின் பக்கத்தில் ஒரு போத்தல் தானாக முளைத்தது. அது யார் கையால் ஆனது என்பதை மட்டும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

முளைகட்டிக் காயவைத்து நொறுக்கிய பார்லியைத் துணிப்பையில் கட்டி, சுடுநீரில் ஊறவைத்து, பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்தி உறங்கவிடுவாள். பிறகு பையைத் தூக்கி, வாளியின் மேல் வைத்த வடிதட்டில் இருத்துவாள். அதன்மேல் சுடுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, தானியத்தில் ஒட்டிக்கிடக்கும் இனிப்பு கழுவுண்டு தேன் நிறத்தில் சொட்டும். விரைந்து ஊற்றினால் தண்ணீர் தனக்கொரு வழி வெட்டிக்கொண்டு ஓடிவிடும், இனிப்பு பின்னால் தங்கிவிடும். இனிப்பு முடிந்த பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தால் உமியின் துவர்ப்பு, அந்தக் கயர்ப்பு, இறங்கிவிடும். ஆகவே வேகத்துக்கு ஓர் அளவு வைத்திருந்தாள்: நாதஸ்வரக் கசற் ஒன்றின் ஒரு பக்கம். மேளம் நின்றால் கோப்பையும் நிற்கவேண்டும். சொட்டுவதைக் கரண்டியில் ஏந்தி நக்கிப் பார்த்து, இனிப்பு முடிந்தது என்று அறிவிப்பது என் உத்தியோகம். பத்து வயதில் அதைவிடப் பெரிய பதவி எனக்குக் கிடைக்கவில்லை. பிறகும் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிறு வெம்பிளியிலிருந்து சின்னம்மாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை கனடாவில், படத்தில் ஒரு காரில் சாய்ந்து நின்றார். தாயும் தகப்பனும் வந்து பார்த்து ஓம் என்றால் தையில் கலியாணம், மாசியில் விமானம். படிப்பு? “கனடாவிலையும் பள்ளிக்கூடம் இருக்குத்தானே” என்றார் அப்பா. சின்னம்மா வேண்டாம் என்று சொன்னாள். வெட்கம் என்றார்கள். மறுபடியும் சொன்னாள். வேலைக் களைப்பு என்றார்கள். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு பெண் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு நல்ல அர்த்தம் தயாராக இருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, சேலையும் கையுமாக அம்மா குசினிக்கு வந்தபோது, கண்ணாடி எல்லாம் ஆவி பிடித்து, வீடு முழுக்க ஊறிய பார்லி வாசம்.

“எடியே, இண்டைக்குமோ உது? அவையள் வெளிக்கிட்டிட்டினமாம்!”

“நனைச்சிட்டன் அக்கா. இடையிலை விடேலாது.”

“அப்ப கெதியா ஊத்தி முடி.”

“கெதியா ஊத்தேலாது.”

அவர்கள் வந்துவிட்டார்கள். வழக்கப்படி தேநீர்த் தட்டைப் பெண்தான் கொண்டுபோக வேண்டும். அவள் போகாமல் தேநீர் போகாது. தேநீர் போகாமல் பேச்சு தொடங்காது. முன்னறையில் அப்பா “இந்தா வாறா” என்றார். பிறகு மழையைப் பற்றிப் பேசினார். பிறகும் “இந்தா வாறா” என்றார். மழையைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேசலாம்? லண்டனில்கூட அதற்கு ஓர் எல்லை இருக்கிறது.

சின்னம்மா முழங்கையில் நூல் பிரிந்த கம்பளிச் சட்டையோடு, தலையை உச்சியில் முடிந்துகொண்டு, ஊற்றினாள். கசற்றின் ஒரு பக்கம் முடிந்து, டக் என்று நின்றது. நான் கரண்டியை நக்கினேன்.

“முடிஞ்சுது, சின்னம்மா.”

அவள் கசற்றை எடுத்து மறுபக்கம் திருப்பிப் போட்டாள். “பொறடி செல்லம்” என்றாள். கோப்பையை மறுபடியும் கேத்திலுக்குக் கொண்டுபோனாள். இன்றைக்கு ஏதோ கூடுதல் கவனமாகச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபக்கமும் முக்கால்வாசி ஓடிய பிறகு, மாப்பிள்ளையின் தாய் பொறுமை இழந்து குசினிக்கே வந்துவிட்டாள். பட்டுச்சேலை, நெற்றியில் திருநீறு, கை நிறையக் காப்பு. “மேளச் சத்தம் கேக்குது, நல்ல சகுனம்” என்று சொல்லிக்கொண்டே வாளியை எட்டிப் பார்த்தாள்.

“என்ன பிள்ளை, கஞ்சியோ?”

அம்மா முந்திக்கொண்டாள். “ஓமக்கா, பார்லிக் கஞ்சி. இவருக்குக் கால் வீக்கம்.”

அப்பாவின் கால்கள் முன்னறையில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன.

“உப்பிடிச் சொட்டுச் சொட்டா விட்டா விடியும்வரைக்கும் நிக்கவேணும். தள்ளு பாப்பம்.”

யாரும் தடுக்க முன்னம் காப்புகளை முழங்கைக்கு ஏற்றி, பையை இரண்டு கையாலும் பிடித்து, தேங்காய்ப்பூவில் கப்பிப்பால் எடுப்பதுபோலத் திருகிப் பிழிந்தாள். சக்கையில் ஈரம் இருந்தால் உறக்கம் வராத யாழ்ப்பாணத்துக் கை அது. கலங்கல் தண்ணீர் சரசரவென்று வாளிக்குள் இறங்கியது. விரலை நக்கினாள்.

“என்ன பிள்ளை, சப்பெண்டு கிடக்கு. சீனி போடேல்லையோ?”

“இது கஞ்சி இல்லை, அன்ரி” என்றாள் சின்னம்மா. “பியர்.”

‘மாமி’ என்று கூப்பிடும்படி அவளைக் காலையிலிருந்து பழக்கியிருந்தார்கள். அன்ரி என்றாள்.

“பகிடி விடுறாள்” என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வழுக்கியது.

“பகிடி இல்லை. நான்தான் வடிக்கிறனான். அத்தானும் விரும்பிக் குடிக்கிறவர். பயப்பிடாதேங்கோ, உதிலை இன்னும் வெறி இல்லை. ஈஸ்ட் போட்டாப் பிறகுதான்.”

மாப்பிள்ளையின் தாய் கையைச் சேலையில் துடைக்கப் போய், பட்டு என்று நினைவு வந்து, உயர்த்திப் பிடித்தபடியே நின்றாள். குழாயடியில் வாயைக் கொப்பளித்தாள். திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். கொஞ்ச நேரத்தில் தெருவில் கார்க் கதவுகள் அறைந்து சாத்தப்பட்டன. கசற் பெட்டியில் நாதஸ்வரம் மட்டும் விடாமல் கலியாணம் நடத்திக்கொண்டிருந்தது.

“என்ரை மானத்தை வாங்கிப் போட்டாய்!” என்று அப்பா கத்தினார்.

“நான் வேண்டாம் எண்டு சொன்னனான், அத்தான்” என்றாள் சின்னம்மா. குரலை உயர்த்தவில்லை. வாளியைத் தூக்கி அடுப்பில் இருந்த பெரிய பானைக்குள் ஊற்றி, காய்ச்சத் தொடங்கினாள்.

அந்தத் தடவைப் பியர் வாழைக்காய்த் தோலைக் கடித்ததுபோலக் கயர்த்தது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு முதல்முறையாகக் கேட்டார்: “ஏன் பிள்ளை, உது இப்பிடிக் கயர்க்குது?” மாப்பிள்ளையின் தாய் பிழிந்த பிழியில்தான் என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். வீட்டில் அது நிலைத்த பகிடியாயிற்று. சின்னம்மாவோ “நான் வடிச்சது. நானே குடிக்கிறன்” என்றாள். மிச்சமிருந்த படிப்பு வருடம் முழுக்க, சோதனைப் புத்தகங்களுக்கு நடுவில், அந்தக் கயர்ப்பை முகம் சுளிக்காமல் ஒவ்வொரு போத்தலாகக் குடித்து முடித்தாள். படிப்பையும் முடித்தாள். குழாய் கழுவுவதை விட்டாள்.

இப்போது என் குசினியிலும் ஒரு வாளி இருக்கிறது. யாரும் முகம் சுளிக்கட்டும். போன ஞாயிறு ஊற்றிக்கொண்டிருந்தபோது கரண்டியை நக்கினேன், இனிப்பு முடிந்திருந்தது, என் கை தானாக நின்றது. நின்ற கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சப்பெண்டு கிடக்கு என்றாளே மாப்பிள்ளையின் தாய்! அவள் நாக்கு பொய் சொல்லவில்லை. அவள் பையில் கை வைக்கு முன்னமே அதில் ஒன்றும் இருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் என் ஒரு சொல்லுக்குக் கோப்பையைக் கவிழ்த்து வைக்கிறவள், அன்றைக்குக் கசற்றின் மறுபக்கம் முக்கால்வாசியும் வெறும் உமியைக் கழுவிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

வேண்டாம் என்று சொல்ல அவளிடம் அப்போது சொற்கள் தீர்ந்துபோயிருந்தன. தண்ணீர் இருந்தது. நானோ, மறுபக்கம் ஓடும்போது திரும்பவும் சொல்லிப் பார்த்து, கரண்டியும் கையுமாக, மேளச் சத்தத்தில் இந்தமுறை சின்னம்மாவுக்குக் காது கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, முன்னறை வரைக்கும் கேட்கும்படி இன்னும் பலமாகக் கத்தினேன்: “முடிஞ்சுது, சின்னம்மா! இனிப்பு முடிஞ்சுது!”