கணப்போரத்துக் கட்டில்

ஆப்ரி த்ரெல்ஃபால் போருக்கு முன்னால் போல்டன் நகரத்தில் டிராம் கண்டக்டராக இருந்தான். நாள் முழுக்க நின்றுகொண்டே பிழைத்தவன். விமானப்படையில் சேர்ந்தபோது, உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். கொடுத்தார்கள். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் வாலில், கண்ணாடிக் கூண்டுக்குள், துப்பாக்கிகளுக்குப் பின்னால் உட்காருகிற வேலை. ஜெர்மனி போய்த் திரும்பும்வரை உட்கார்ந்தே இருக்கலாம். எழுந்திருக்கத்தான் முடியாது.

எங்கள் தளம் லிங்கன்ஷயரில், ஸ்கெல்பி ஃபென் என்ற இடத்தில் இருந்தது. சர்க்கரைக்கிழங்கு வயல்களின் நடுவே ஓடுதளம் போட்டிருந்தார்கள். ஓடுதளம் தவிர மற்றதெல்லாம் சேறு. நான் அங்கே படுக்கைக் கிடங்கில் கார்ப்பரல். கட்டில், கம்பளி, தலையணை உறை, கணப்புக்கான கரி எல்லாம் என் பொறுப்பு. போரில் நீ என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், கம்பளி கொடுத்தேன் என்றுதான் நான் சொல்லியாக வேண்டும்.

ஆப்ரியின் குழு ஜனவரியில் வந்து சேர்ந்தது. பெரிய குழாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்த மாதிரி ஒரு தகரக் கொட்டகையை அவர்களுக்குக் காட்டினேன். அதில் இன்னொரு குழு ஏற்கெனவே இருந்தது. ஆக மொத்தம் பதினாலு பேர். அவர்கள் விடுகிற மூச்சு இரவில் தகரத்தில் உறைந்து, காலையில் அவர்கள் மேலேயே சொட்டும். குளிக்கிற இடம் ஒரு வயலைத் தாண்டி இருந்தது. அதனால் பெரும்பாலும் யாரும் குளிக்கவில்லை.

கொட்டகை நடுவில் ஒரே ஒரு இரும்புக் கணப்பு. அதன் சூடு மூன்று அடி தூரம் போகும். அதற்குமேல் போக அதற்குத் தெம்பில்லை. கணப்புக்கு நேர் எதிரே ஒரு கட்டில் இருந்தது. அந்தக் கொட்டகையிலேயே கதகதப்பான கட்டில் அது. அதில் யாரும் படுப்பதில்லை. கம்பளியை மடித்து வைத்தபடி காலியாகக் கிடந்தது.

அதற்கு முன் அதில் படுத்தவர்கள் மூன்று பேர். கென்ட்டைச் சேர்ந்த ஒருவன், வேல்ஸ்காரன் ஒருவன், முதல் இருவரைப் பற்றிச் சொன்னதும் சிரித்த ஒருவன். மூவரும் ஒருவர்பின் ஒருவராகப் பறந்து போனார்கள், திரும்பவில்லை. விமானம் திரும்பவில்லை என்றால் அதிலிருந்த ஏழு பேரும் திரும்பவில்லை என்றுதான் பொருள். ஆகவே மற்றக் கட்டில்களும் அதே அளவுக்குக் காலியாகியிருந்தன. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கெட்ட பெயர் அந்த ஒரு கட்டிலுக்கு மட்டும்தான்.

ஆப்ரிக்குக் கிடைத்தது கதவோரக் கட்டில். மேலே போனால் வாலில் உறைவான். கீழே வந்தால் கதவிடுக்கில் உறைவான். மாதக் கடைசியில் அவன் கால் விரல்கள் வீங்கிச் சிவந்து வெடித்துவிட்டன. பூட்ஸ் போட முடியாமல் நடந்ததைப் பார்த்துவிட்டு மருத்துவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒரு வாரம் டைம் தர்றேன்," என்றார். "கால் காயணும், சூடா இருக்கணும். ஆறலேன்னா உன்னைப் பறக்க விடமாட்டேன். உன் குழுவுக்கு வேற ஆளைப் போட்டுக்குவாங்க."

அந்த வாரம் முழுக்க மூடுபனி. விமானங்கள் எதுவும் கிளம்பவில்லை. ஆப்ரி நொண்டிக்கொண்டே வந்து தன் பையைக் கணப்போரத்துக் கட்டிலில் வைத்தான். நான் கரி வாளியோடு அப்போது உள்ளே இருந்தேன்.

அவனுடைய விமானி டன்ஸ்டன் மீச்சர் நார்ஃபோக் பக்கம் பன்றி வளர்க்கிற வீட்டுப் பிள்ளை. பதவியில் சார்ஜென்ட்தான்; விமானத்தை ஓட்டுகிறவன் என்பதால் குழுவுக்கு அவன் கேப்டன். சவரம் செய்துகொண்டிருந்தவன் பாதி நுரையோடு திரும்பினான்.

"எடுடா அதை."

"எதை?"

"பையை. அந்தக் கட்டில்லேர்ந்து."

"கேப்டன், என் கால் உங்க யாருக்கும் முக்கியமில்லையா?"

"உன் கால் முக்கியம்தான். என் உசிரும் கொஞ்சம் முக்கியம். நீ தனியாவாடா விழுவே? நாங்க ஆறு பேரும் அதே விமானத்துலதானே வர்றோம்?"

எதிர் வரிசையில் அடுத்த குழுவைச் சேர்ந்த ஹிபர்ட் காலுறையைத் தைத்துக்கொண்டிருந்தான். "நீ படுத்துக்கப்பா," என்றான். "நல்ல கதகதப்பு. எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

"நீ சும்மா இரு ஹிபர்ட். அவன் உன் விமானத்துலயா வர்றான்?"

"அதனாலதானே தைரியமாச் சொல்றேன்."

ரேடியோக்காரன் லோர்ன் கனடாவிலிருந்து வந்தவன். அவன் படுக்கையில் இருந்தபடியே சொன்னான்: "இதெல்லாம் ஒரு குளிரா? எங்க ஊர்ல இந்தக் குளிருக்கு ஜன்னலைத் திறந்து வைப்போம்."

"அப்ப உன் கம்பளில ஒண்ணைக் குடு," என்றான் ஆப்ரி.

"அது வேற விஷயம்."

ஆப்ரி பையை எடுக்கவில்லை. "சரி, நான் கதவுகிட்டயே படுக்கிறேன். அடுத்த வாரம் டாக்டர் என்னை உட்கார வெச்சிடுவாரு. வாலுக்கு ஒரு இரவல் ஆள் வருவான். உங்களுக்குச் சம்மதமா?"

இரவல் ஆளோடு பறப்பதைப்போல அபசகுனம் எங்கள் தளத்தில் வேறில்லை. அப்படிப் பறந்து திரும்பாதவர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்தவர்களைப் பற்றி யாரும் பேசியதில்லை. மீச்சர் மீதி முகத்தைச் சவரம் செய்ய மறந்துபோனான். கட்டில் மோசமா, இரவல் ஆள் மோசமா என்ற விவாதம் தேநீர் ஆறும்வரை நடந்தது.

முதலில் ஒரு சமரசம் ஏற்பட்டது. முன்பு அந்தக் கட்டிலில் படுத்த மூவரும் சுவர்ப் பக்கம் தலை வைத்துப் படுத்தார்கள். ஆகவே ஆப்ரி மாற்றிப் படுத்தால் பாதகமில்லை. அன்றிரவு அவன் கணப்புப் பக்கம் தலையையும் தகரச் சுவர்ப் பக்கம் காலையும் வைத்துப் படுத்தான்.

"எப்படி இருந்துச்சு?" என்று காலையில் கேட்டேன்.

"தலைமுடி நல்லாக் காய்ஞ்சிருக்கு கார்ப்பரல்."

கால் முன்பைவிட மோசமாக இருந்தது.

அதன்பிறகுதான் மீச்சரும் லோர்னும் கிடங்குக்கு வந்தார்கள். கொஞ்ச நேரம் கம்பளிகளை விசாரித்தார்கள். பிறகு மீச்சர் விஷயத்துக்கு வந்தான்.

"கார்ப்பரல், உங்க கட்டிலை எங்களுக்குக் குடுங்க. அந்தக் கட்டிலை நீங்க வெச்சுக்குங்க."

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"உங்களுக்கு என்ன ஆகும்? நீங்க பறக்கவா போறீங்க? மிஞ்சிப் போனா கம்பளி மேல விழும்."

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது. தவிர, அந்தக் கட்டிலின் கம்பிச் சுருள்கள் என்னுடையதைவிட நன்றாக இருந்தன.

"கட்டில்ல கோளாறு இல்லாம இடத்துலயே இருந்தா?" என்று லோர்ன் கேட்டான்.

"தரை எங்கயும் போகலை, அங்கயேதான் இருக்கு," என்றான் மீச்சர். "போனவன்லாம் கட்டில்ல படுத்தவன். நான் கேப்டன், சொல்றேன். இடம் சுத்தம்."

மூடுபனியிலேயே இரண்டு கட்டில்களையும் மாற்றினோம். என் கட்டிலை அவர்கள் சேற்றில் தூக்கிக்கொண்டு போனபோது, தளத்தின் ஒழுங்கு முழுவதையும் தன் மீசையில் சுமந்தவர்போல் நடக்கிற வாரண்ட் ஆபீசர் எதிரே வந்துவிட்டார்.

"என்ன அது?"

"கட்டில் சார்," என்றான் மீச்சர்.

"கட்டில்னு எனக்குத் தெரியாதா? எங்க போகுது?"

"வெயில்ல காய வைக்கிறோம் சார். உள்ளே ஒரே ஈரம்."

வாரண்ட் ஆபீசர் அண்ணாந்து பார்த்தார். தன் தொப்பியின் விளிம்புக்கு மேல் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. "சாயங்காலத்துக்குள்ள உள்ளே எடுத்துடணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆப்ரி மீதி நாட்களை என் கட்டிலில், கணப்பைப் பார்த்துக் காலை நீட்டியபடி கழித்தான். லோர்ன் இரண்டு முறை கரிக் கிடங்கின் முள்கம்பியைத் தாண்டிக் குதித்து வாளி நிறையக் கரி திருடி வந்தான். கரிக்குப் பொறுப்பாளன் என்ற முறையில் அதை எனக்குத் தெரியாதது என்றே வைத்துக்கொண்டேன். வெடிப்புகள் மூடின. வீக்கம் வடிந்தது. பூட்ஸ் ஏறியது.

வாரம் முடிந்த அன்று மருத்துவர் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். "என்ன பண்ணினே?" என்று கேட்டார்.

"கட்டில் மாத்தினேன் சார்."

"அதைத்தானே முதல்லயே செஞ்சிருக்கணும்," என்றார் மருத்துவர். பறக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குழு முழுக்க வெளியே நின்றிருந்தது. அவன் நேராக நடந்து வருவதைப் பார்த்ததும் மீச்சர் தொப்பியைத் தூக்கி எறிந்தான். அது சேற்றில் விழுந்தது.

அன்றே பனி விலகியது. பறக்கிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் முட்டை பொரித்தார்கள். நிஜ முட்டை. எங்களுக்கெல்லாம் முட்டைப் பொடியைக் கரைத்துத்தான் ஊற்றுவார்கள். ஹிபர்ட் தன் தட்டை என் மூக்குக்குக் கீழே கொண்டுவந்து காட்டி, "மோந்து பாத்துக்குங்க கார்ப்பரல், இலவசம்," என்றான்.

விடிந்தபோது ஆப்ரியின் விமானம் திரும்பியிருந்தது. ஹிபர்ட்டின் விமானம் திரும்பவில்லை. வேறு எந்தத் தளத்திலும் இறங்கவில்லை என்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. அவர்களுடைய பொருள்களைக் கட்டி எடுத்துப்போக இரண்டு பேர் வந்தார்கள். ஏழு படுக்கைகளின் கம்பளிகளை நான் எடுத்தேன். எல்லாம் சாதாரணக் கட்டில்கள். எதைப் பற்றியும் யாரும் எதுவும் சொன்னதில்லை.

லோர்ன் என்னைக் கதவுக்கு வெளியே கூப்பிட்டான். "கார்ப்பரல், தரையில வேலை பாக்குற ஆளுங்க ஏழு பேர் கிடைப்பாங்களா, கட்டில் மாத்த?"

"சமையக்காரங்களைக் கேட்டுப் பாக்கலாம்."

"வேணாம், விடுங்க," என்று உள்ளேயிருந்து ஆப்ரி குரல் கொடுத்தான்.

அடுத்த நாள் புதுக்குழு வந்தது. நான் அவர்களுக்குக் கம்பளி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய வால் துப்பாக்கிக்காரன் மற்றவர்களைவிட வயதானவன். பொய்ப்பல் கட்டியவன். பையை இறக்காமல் ஏழு வெறும் கட்டில்களையும் பார்த்தான்.

"இங்க யார் இருந்தாங்க?"

கணப்பில் கரி போட்டுக்கொண்டிருந்த ஆப்ரி திரும்பவில்லை. "யாருமில்ல. புதுக் கொட்டகை."

வந்தவன் சுவரில் இறங்கியிருந்த துருவைப் பார்த்தான். "புதுசா இது?"

"லிங்கன்ஷயர் ஈரம் அப்படி," என்றான் லோர்ன். "தகரம் ஒரு வாரத்துல இப்படி ஆயிடும்."

"நீ வாலா?" என்று ஆப்ரி அவனைக் கேட்டான்.

"ஆமா."

"அப்ப இதுல படு. காலை இந்தப் பக்கம் நீட்டு." கணப்போரத்துக் கட்டிலிலிருந்து தன் கம்பளிகளை வாரிக்கொண்டு போய் ஹிபர்ட்டின் கட்டிலில் போட்டான்.

மீச்சர் எழுந்து நின்றுவிட்டான். "டேய், என்னடா பண்றே?"

"இந்தக் கட்டில் கொஞ்சம் நீளம் கேப்டன். எனக்கு வசதியா இருக்கு."

கட்டில்கள் எல்லாம் ஒரே பட்டறையில் ஒரே அளவில் செய்தவை. மீச்சர் என்னைப் பார்த்தான். அவனுடைய ஆட்கள் ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். புதிதாக வந்த ஏழு பேரும் பார்த்தார்கள்.

"ஆமா சார்ஜென்ட்," என்றேன். "அந்த வரிசை கொஞ்சம் நீளம்தான்."