விருத்தாசலத்தில் திருத்தப்பட்ட ஒரு வரி

கடந்த தை மாதம் ஒரு சனிக்கிழமை நானும் மனைவி தேன்மொழியும் விருத்தாசலம் போனோம். பீங்கான் பொம்மை வாங்கப் போகிறோம் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தோம். வாங்கவும் செய்தோம். ஆனால் போன காரணம் வேறு.

தேன்மொழி எச்.ஐ.வி. தடுப்பிலும் பெண்களின் இனப்பெருக்க நலத்திலும் ஆய்வு செய்பவள். அவள் கட்டுரைகள் எல்லாமே ஆங்கிலம். எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இருக்கின்றன. நான் ஒன்றைக்கூட முழுசாகப் படித்ததில்லை. அந்த ஆய்வுகளுக்குப் பேட்டி கொடுத்த பெண்களும் படித்ததில்லை. அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. முடிவுகளை எளிய தமிழில் எட்டுப் பக்கச் சிறுநூலாக எழுதினாள். அச்சுக்குப் போகுமுன் பேட்டி கொடுத்தவர்களில் ஒருவராவது படித்துப் பார்க்க வேண்டும் என்றாள். செல்வி ஒப்புக்கொண்டார். (பெயரை மாற்றியிருக்கிறேன். இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கினேன்.) அவர் பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை செய்கிறார். வீட்டுக்கு வேண்டாம், வியாபாரத்துக்கு வந்தவர்கள் மாதிரி பட்டறைக்கே வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்.

எழும்பூரிலிருந்து ரயிலில் சுமார் மூன்றரை மணி நேரம். ஒன்றேகாலுக்கு இறங்கினோம். தொழிற்பேட்டைக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"பொம்ம வாங்கவாங்க?" என்றார் ஓட்டுநர். "இப்ப போனா சாப்பாட்டு நேரமா இருக்கும். நீங்களும் சாப்ட்டுட்டுப் போங்க. ரெண்டரைக்கு மேல நிதானமா பாக்கலாம்."

நல்ல யோசனை. கடைத்தெருவில் அவரே நிறுத்திய மெஸ்ஸில் சாப்பாடு தொண்ணூறு ரூபாய். காரக்குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். தேன்மொழி சரியாகச் சாப்பிடவில்லை. பெரிய மாநாடுகளில் பேசும்போதுகூட அவள் பதறி நான் பார்த்ததில்லை.

பட்டறையில் சனிக்கிழமை அரைநாள் வேலை. எங்களுக்காகக் காத்திருந்த செல்வியைத் தவிர மற்றவர்கள் கிளம்பியிருந்தார்கள். அச்சிலிருந்து எடுத்த வெள்ளைப் பொம்மைகள் பலகையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. செல்விக்கு நாற்பதை நெருங்கும் வயது. கையைத் துடைத்துக்கொண்டு சிறுநூலை வாங்கினார். விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். மருந்தை விடாமல் எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவில் துணைக்குப் பரவாது, பிறக்கும் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பும் மிக மிகக் குறைவு என்ற பக்கத்தில் தலையாட்டினார். அடுத்த பக்கத்தில் விரல் நின்றது.

"இத யாரு சொன்னதுங்க?"

அது ஒரு பேட்டியின் மேற்கோள். 'எனக்குக் குழந்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொம்மைக்குக் கண் வரையும்போது மட்டும் அழுகை வரும்.'

"பேரு சொல்லக்கூடாது செல்வி," என்றாள் தேன்மொழி.

"சொல்ல வேணாங்க. இது நாந்தான். ஆனா நான் இப்பிடி சொல்லல. 'வேணான்னு சொல்லிட்டாங்க'ன்னு சொன்னேன். மாமியா வூட்டுல சொன்னாங்க, அப்ப நான் வைத்தியம் காட்டிக்கிட்டு இருந்த ஆஸ்பத்திரியில சொன்னாங்க. வேணான்னது நான் இல்லீங்க."

அவர் குரல் உயரவே இல்லை. தேன்மொழி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிமூன்று வருடத்துக்கு முன் தமிழில் சொன்னது ஆங்கிலத்துக்குப் போய், இப்போது திரும்பத் தமிழுக்கு வந்திருந்தது. போன வழியில் 'சொல்லிட்டாங்க' என்பது 'சொல்லிட்டேன்' ஆகிவிட்டது. குழந்தை வேண்டாம் என்று தானே முடிவெடுத்த பெண்களில் ஒருவராகச் செல்வி அந்தக் கட்டுரையில் எண்ணப்பட்டிருந்தார்.

"தப்பு என்னோடதுதான். மன்னிச்சிருங்க," என்றாள்.

"மன்னிப்பெல்லாம் எதுக்குங்க? திருத்திருவீங்களா?"

"திருத்திடறேன்."

"இங்கிலீஷ்லயும்?"

"இங்கிலீஷ்லயும்."

அதற்குப் பிறகுதான் செல்வி உட்கார்ந்தார். பேட்டி எடுக்க வந்தபோது தேன்மொழி அவரை எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்பியிருக்கிறாள். அங்கே மருந்து ஒழுங்காக எடுத்து, இரண்டு வருடத்தில் ஒரு மகள். "பதினெட்டாம் மாசம் கடைசி டெஸ்ட்டு. ஒண்ணும் இல்லன்னாங்க. இப்ப ஆறாவது படிக்குது. கணக்குல மட்டும் கொஞ்சம் மக்கு," என்று சிரித்தார். இப்படி ஒன்று நடந்ததை என் மனைவி என்னிடம் சொன்னதே இல்லை. ஏன் என்று ரயிலில் கேட்டேன். "அது அவங்க விஷயம். நான் எப்படிச் சொல்றது?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு விழுப்புரம் வரை வந்தேன்.

திங்களன்று அவள் அந்தப் பேட்டியைத் தமிழில் எழுதிவைத்த பழைய கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தாள். செல்வி சொன்னதுதான் சரி. மீதிப் பேட்டிகளையும் ஒன்றுவிடாமல் சரிபார்த்ததில் அதே பிழை இன்னும் இரண்டு இடத்தில் இருந்தது. கட்டுரையைத் திருத்தச் சொல்லி, அது வெளியான இதழுக்கு எழுதினாள். சக ஆய்வாளர் ஒருவர், இத்தனை வருடம் கழித்து எதற்கு என்று கேட்டாராம். அவள் திருத்தத்தை அனுப்பிவிட்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஞாயிறு தவிருங்கள், பட்டறைகள் மூடியிருக்கும். பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றித் துணிகளுக்கு நடுவே வையுங்கள். எங்களுடையதில் ஒரு மயிலுக்கு மூக்கு போய்விட்டது. நேரம் இருந்தால் பழமலைநாதர் கோயிலுக்கும் போங்கள், நாங்கள் போகவில்லை. இன்னொன்று, இது பயணத்தோடு சேராதது: எச்.ஐ.வி. பற்றி மனதில் சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். வெளியே சொல்ல மாட்டார்கள். குழந்தை ஆசை இருந்தால் அதையும் அங்கே தயங்காமல் கேளுங்கள்.

சில மாதங்கள் கழித்துத் திருத்தம் வெளியானது. தேன்மொழி செல்வியைப் போனில் அழைத்துத் தமிழில் சொன்னாள்.

"இங்கிலீஷ்ல எப்பிடி போட்டிருக்குதோ அப்பிடியே படிங்க," என்றார் செல்வி.

"புரியாதே?"

"புரியலன்னாலும் கேக்கறேன்."

தேன்மொழி திருத்தத்தின் மூன்று வரியையும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். 

"இன்னொருக்கா படிங்க," என்றார் செல்வி. "ஸ்பீக்கர்ல போடறேன். பாப்பாவும் கேக்கட்டும்."